எச்சங்கள் கூறும் சான்று



ஏறத்தாழப் பத்தாண்டுகட்கு முன்னர்த் திருப்பூரிலுள்ள பள்ளி ஒன்றில் நடந்த பேச்சுப்போட்டிக்கு நடுவர் மூவருள் ஒருவனாக யானும் அமர்ந்திருந்தேன். தலைப்பு கொடிகாத்த குமரன். 1932 சனவரி 10ஆம் நாள் இவ்வூர்த் தெருவில் அடியுண்டு, மறுநாள் உயிர் நீத்த அம் மறவனைப் பற்றி இங்குள்ள பிள்ளைகள் பேசாத ஆண்டில்லை. அன்று மேடையேறியோருள் பன்னிரண்டு அகவைப் பெண் ஒருத்தி. பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து பனியன் தொழிலை நம்பி வந்த குடும்பம். தாய் கைமடிப் பணி செய்பவர். வீட்டில் மலையாளம், பள்ளியில் தமிழ். பிறர் மனப்பாடத்தை ஒப்பித்தனர். இவள் ஒருத்தியே பேசினாள். கொடியை ஏந்தி நின்று, அடியை ஏற்று, உயிரைத் தோற்று, விடுதலைக்கு வழி பெற்று என வினையெச்சங்களை அடுக்கிக் கொண்டே போனாள். ஆனால் அவ் எச்சங்களை அவள் ஒலித்த முறை அவையினர்க்குப் புதிதாக இருந்தது. 'ஏற்று' என்னுமிடத்து நாம் பழகிய ரகர நடுக்கம் அவள் நாவில் இல்லை. நாநுனி மேற்பல்லின் உட்புற மேட்டில் ஒட்டி நின்று பட்டென விடுபட்டது. பின்னிருக்கைப் பிள்ளைகள் நகைத்தனர். பக்கத்திலிருந்த நடுவர் என் பக்கம் சாய்ந்து, "மலையாள வாடை அடிக்கிறது" என்றார். யானும் தலையசைத்தேன். மதிப்பெண் தாளில் 'ஒலிப்பு' என்னும் கட்டத்தில் பத்துக்கு நான்கு இட்டேன். பரிசு வேறொருவர்க்குப் போயிற்று. அப் பெண் அதன்பின் அப் பள்ளியில் எம் மேடையும் ஏறவில்லை என்று பின்னர்க் கேள்வியுற்றேன்.

தொல்காப்பியப் பிறப்பியலை ஆண்டுதோறும் மாணவர்க்கு நடத்தியவன் யான். அந் நூற்பாவிற்கு உரை சொல்லிச் சொல்லி நாத் தழும்பேறியவன். அன்று அவ் அவையில் றகரத்தைத் தொல்காப்பியர் சொன்னபடி ஒலித்தவள் அவள் ஒருத்தியே என்பது, அவள் இறங்கிப் போய் நெடுநாட் கழிந்தபின்தான் எனக்குத் தைத்தது. இத் திங்கள் ஆசிரியவுரையை அக் கடனுக்காக எழுதுகின்றேன்.

இறந்துபோன மொழி ஒன்றின் செய்தியிலிருந்து தொடங்குவோம். ஐரோப்பாவில் கோத்தியம் என்றொரு மொழி வழங்கிற்று. செருமானியக் குடும்பத்துள் நீண்ட நூலாக நமக்குக் கிடைப்பவற்றுள் அதுவே முதுமொழி. நான்காம் நூற்றாண்டில் வுல்பிலா என்னும் ஆயர் பெரும்பாலும் கிரேக்க எழுத்துகளைத் தழுவி ஓர் எழுத்து முறையை வகுத்து, விவிலியத்தை அம் மொழியில் பெயர்த்தார். அப் பெயர்ப்பைத் தாங்கிய வெள்ளியேடு என்னும் படி, ஊதாநிறத் தோலில் வெள்ளி மையாலும் பொன் மையாலும் எழுதப்பெற்று, இன்று சுவீடன் நாட்டு உப்சாலாப் பல்கலைக்கழகத்தில் காக்கப்படுகின்றது. ஏடு உண்டு, இலக்கணம் உண்டு, அகரமுதலி உண்டு. பேசும் வாய்தான் ஒன்றும் இல்லை. பதினாறாம் நூற்றாண்டில் கான்சுதாண்டிநோபிளிலிருந்த புசுபெக்கு என்னும் தூதுவர், கிரிமியாவிலிருந்து வந்தவர்களிடம் அம் மொழிக் கிளையொன்றன் எண்பதளவான சொற்களைக் கேட்டெழுதி வைத்தார். பின்னர் அதுவும் அவிந்தது.

ஆகவே கோத்தியத்தில் ஒரு சொல் எங்ஙனம் ஒலித்தது என்பதை அறிஞர் ஊகித்தே கொள்ள வேண்டியுள்ளது. அகரமும் இகரமும் அடுத்தடுத்து எழுதப்பெறும் இடங்களில், அஃது ஐகாரமா, அன்றி எகரம் போன்ற ஓரொலியா என்று வழக்காடுகின்றனர். கிரேக்கச் சொற்களின் எகரத்தை வுல்பிலா அவ்விரண்டு எழுத்தால் எழுதியிருப்பதைக் காட்டி, சில இடங்களிலாவது எகரமே என்பர். பிற்கால இலக்கணிகள் மேற்குறியிட்டு இரண்டையும் பிரித்தனர். மூலவேட்டில் அக் குறி இல்லை.

இவ் வழக்கில் அவர்கட்குப் பெருந்துணையாக நிற்பவை எச்சங்கள். கோத்தியத்தில் பெயரைத் தழுவி வரும் வினைத்திரிபு, நம் பெயரெச்சத்தை ஒருபுடை ஒத்தது. ஆயினும் பால், எண், வேற்றுமைக்கேற்ப ஈறு மாறுவது. 'காக்கப்பட்ட' என்னும் பொருளுடைய இறந்தகால வடிவம் ஆண்பாலில் ஒரு மெய்யெழுத்தாலும், இரு உயிர்களுக்கிடையே அம் மெய் வரும் பெண்பாலில் வேறோர் எழுத்தாலும் எழுதப்படுகின்றது. முன்னது மூச்சொலி, பின்னது குரலொலி. ஒரே ஈறு இடத்திற்கேற்ப வேறுபட எழுதப்படுவதிலிருந்து, சொல்லிறுதியிலும் உயிர்களுக்கு நடுவிலும் அம்மொழியார் நா எங்ஙனம் இயங்கிற்று என்று தெரிகின்றது. எழுதினவன் எண்ணிப் பாராமல் விட்டுச்சென்ற தடம் அது. வினையின் ஈற்றில் நாள்தோறும் ஆயிரமுறை நிகழும் புணர்ச்சியில் யாரும் பொய் சொல்ல முடியாது.

(கோத்தியச் சொற்களைத் தமிழ்ச்சொற்களோடு பக்கத்தில் வைத்து உறவு காட்டி மகிழ்வார் நம்மிடையே உளர். அவ்வாராய்ச்சி ஈண்டு எம் கருத்தன்று. அம் மொழி கற்றார் கையாண்ட முறையே எமக்கு வேண்டுவது.)

அம் முறையைத் தமிழுக்குக் கொணர்வோம். நம்மிடத்தும் ஐயுறவான ஒலி உண்டு. ஆய்தம் ஒன்று. அஃதென்பதைப் பள்ளிகளில் ககரமாக்கி 'அக்து' என ஒலிக்கக் கற்பிக்கின்றனர். விளம்பரப் பலகை எழுதுவோரோ, ஆங்கிலத்தின் உதட்டுரசொலி ஒன்றிற்கு முட்டுக்கட்டையாக அதனைப் பகரத்தின் முன் நிறுத்திவிட்டனர். நம் ஊரில் ஆய்த ஆடைக்கடைகள் எத்தனை என்று எண்ணிப் பார்ப்பார் அழுவார். அதனை வேறொரு திங்களில் பார்ப்போம். இன்று வழக்கு றகரத்தைப் பற்றியது. அதிலும் சிறப்பாக இரட்டித்து வரும் ற்ற, னகரத்தை அடுத்து வரும் ன்ற ஆகிய இரண்டனைப் பற்றியது.

'விற்று' என்பதைத் தமிழ்நாட்டுப் படித்தவர் நா எங்ஙனம் ஒலிக்கின்றது? ஏறக்குறைய 'விட்ரு'. 'நின்று' என்பதை? 'நின்ட்ரு'. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பட்டிமன்றத்திலும் இதுவே செம்மை ஒலிப்பு என மதிக்கப்படுகின்றது. நேற்று வந்ததும் அன்று. 1856இல் ஒப்பிலக்கணம் வெளியிட்ட கால்டுவெல் இதனையே கேட்டுப் பதிந்துள்ளார். எனினும் தொல்காப்பியர் சொன்னது இதுவா? அவர் றகரத்தை வல்லெழுத்து ஆறனுள் வைத்தார்; க, ச, ட, த, ப ஆகியவற்றோடு ஓரினமாக. நாநுனி மேல்நோக்கி அண்ணத்தை ஒற்றுவதால் றகரமும் னகரமும் பிறக்கும் என்றார். ரகரத்தையும் ழகரத்தையும் பற்றிச் சொல்லும்போது, அங்கு நாநுனி அண்ணத்தை வருடும் என்றார். ஒற்றுதல் வேறு, வருடுதல் வேறு. ஒற்றுதலில் மூச்சு அடைபடும், வருடுதலில் வழியும். நம் கொங்குநாட்டார் எனப் போற்றப்படும் பவணந்தியாரும், றகர னகரங்களுக்கு நாநுனி அண்ணத்தை மிகப் பொருந்தும் என்றே நன்னூலில் கூறினார். நன்னூற் சிறப்புப்பாயிரம் குறிக்கும் சனகை, பெருந்துறைக்கு அணித்தான சீனாபுரமே என்பது நம் பக்கத்து வழக்கு. நம் பக்கத்தவர் எழுதிய நூற்பாவை நம் பக்கத்து வகுப்பில் நடத்திவிட்டு, அதற்கு மாறாக ஒலிக்கின்றோம்.

நூற்பாவின் பொருளில் ஐயம் எழலாம். உரையாசிரியர் சொல்லை ஒருவர் ஒருவாறும் மற்றொருவர் மற்றொருவாறும் கொள்ளலாம். எச்சங்களைக் கேட்போம்.

'செய்' என்பதிலிருந்து 'செய்து'. 'வா' என்பதிலிருந்து 'வந்து'. இறந்தகாலம் காட்டுவது தகரம். பல்லைத் தொடும் ஒலி. அத் தகரம் ளகரத்தையும் ணகரத்தையும் சாரும்போது என்னவாகிறது? கேள், கேட்டு, ஆள், ஆண்டு, உண், உண்டு, காண், கண்டு. நா மேலே வளைந்து ளகரத்தை ஒலித்த இடத்திலேயே தகரமும் போய் ஒட்டி டகரமாகின்றது. பல்லுக்குத் திரும்பும் உழைப்பை நா மேற்கொள்ளவில்லை. இனி லகரத்தையும் னகரத்தையும் அத் தகரம் சாரட்டும். கல், கற்று, வில், விற்று, ஏல், ஏற்று, நில், நின்று, செல், சென்று, தின், தின்று, என், என்று. லகரமும் னகரமும் பிறக்கும் இடம் பல்லுக்கும் டகரத்துக்கும் இடைப்பட்ட மேடு. தகரம் அவ்விடத்திற்கு இழுபட்டு அங்கேயே ஒட்டி நிற்கின்றது. அங்ஙனம் ஒட்டி நிற்கும் தகரத்திற்கு நம் முன்னோர் இட்ட எழுத்தே றகரம்.

கொள் என்பதையும் கொல் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று கொண்டு, மற்றொன்று கொன்று. ளகரத்திற்கு டகரம் எதுவோ, லகரத்திற்கு றகரம் அது. கொண்டு என்பதில் நடுக்கம் உண்டா? இல்லை. கொன்று என்பதில் மட்டும் எங்கிருந்து வந்தது?

மற்றுமோர் எச்சக்கூட்டம். புகு, புக்கு, நகு, நக்கு, விடு, விட்டு, தொடு, தொட்டு. குற்றுகரத்தை ஏறி நிற்கும் வல்லெழுத்து இரட்டித்தே இங்கு இறந்தகாலம் பிறக்கின்றது. இவ் வரிசையிலேயே பெறு, பெற்று, உறு, உற்று, அறு, அற்று என்பனவும் வருகின்றன. ககரம் இரட்டித்தால் முழுவல்லொலி; டகரம் இரட்டித்தால் முழுவல்லொலி; றகரம் இரட்டித்தால் மட்டும் வல்லொலியும் நடுக்கமும் கலந்த கலவையாகுமா? பிறவினையிலும் அதுவே. ஓடு, ஓட்டு, ஆடு, ஆட்டு, மாறு, மாற்று, ஏறு, ஏற்று. வேற்றுமையிலும் அதுவே. வீடு, வீட்டில், ஆறு, ஆற்றில். நொய்யல் ஆற்றில் என்று சொல்லுந்தோறும் நாம் இச் சான்றைச் சொல்லிக்கொண்டே இருக்கின்றோம். ரகரமோ தமிழில் எங்கும் தன்னொடு தான் இரட்டுவதே இல்லை. ரகரத்தின் தம்பியாக றகரம் இருந்திருக்குமாயின், இத்தனை இடத்தில் வல்லெழுத்துகளோடு தோள்சேர்ந்து நடந்திராது.

இவை ஏட்டுச் சான்றுகள். கோத்தியம் கற்பார்க்கு இவ்வளவோடு வழி அடைபட்டுவிடும். நமக்கு அடைபடவில்லை. வாய்கள் இருக்கின்றன.

முதலில் நம் வீட்டு வாய். சந்தைக்குப் போய் வந்த நம் கொங்குப் பாட்டி, "தேங்காயை வித்துப்போட்டு வந்தனுங்க" என்பார். பெற்று என்பது பெத்து. தோற்று என்பது தோத்து. கற்று என்பது கத்து. கொச்சை என்று திருத்துகின்றோம். இடம் தவறியது மெய்தான். பல்மேட்டில் ஒட்ட வேண்டிய நா பல்லில் ஒட்டிவிட்டது. ஆயினும் ஒட்டிற்று! வல்லெழுத்தின் வன்மையைப் பாட்டி விடவில்லை. அவரைத் திருத்த வந்த பள்ளிக்கூடம் இடத்தை ஓரளவு சரிசெய்து, வன்மையை நடுக்கத்தோடு கலந்து கெடுத்தது. 'நின்று' என்பது பாட்டி வாயில் 'நின்னு'. அங்கும் ரகரத்தின் நிழல்கூட இல்லை.

அடுத்து ஈழம். யாழ்ப்பாணத்துத் தமிழர் காற்று, சோற்றுப்பானை என்பனவற்றில் இரட்டித்த றகரத்தை நடுக்கமின்றி வல்லொலியாகவே ஒலிக்கின்றனர். ஆங்கிலச் சொற்களை எழுத நேரும்போது கிலோமீற்றர், பற்றறி என்று எழுதுவர். வேற்றுச்சொல்லைத் தமிழில் கலப்பது நமக்கு உடன்பாடில்லை. எனினும் அவ் எழுத்துக்கூட்டல் அளிக்கும் சான்றை எறிந்துவிட முடியாது. பற்றறி என்னும் அவ்வொரு சொல்லில் இரட்டித்த றகரம் வல்லொலியாகவும், பின்வரும் தனி றகரம் நடுக்கொலியாகவும் நிற்பதைக் காண்க. எழுதினவர்க்கு இலக்கண வகுப்பு யாரும் எடுக்கவில்லை. தம் செவி சொன்னபடி எழுதினர். தமிழகத்தார் இவ் எழுத்துக்கூட்டலைக் கண்டு சிரிப்பதும், யாம் அப் பெண்ணைக் கண்டு சிரித்ததும் ஒரே அறியாமை.

'நின்று, ஒன்று' என்பன ஈழத்துப் பேச்சில் 'நிண்டு, ஒண்டு' ஆகின்றன. இங்கே நா பின்னோக்கிச் சற்று வழுவிற்று. கன்னடத்தில் அதே எச்சங்கள் கொந்து, திந்து, எந்து என்று பல்லை நோக்கி முன்வந்தன. தமிழ்நாட்டில் நின்னு என மூக்கொலியில் கரைந்தன. ஒன்று முன்னே போயிற்று, ஒன்று பின்னே போயிற்று, ஒன்று கரைந்தது. அத்தனையும் ஒட்டொலியின் வழிகள். நின்ற இடம் இவ் எல்லாவற்றிற்கும் நடுவே இருந்த பல்மேடு என்பது, வெவ்வேறு பக்கம் சிதறியவர்களின் கால்தடத்தைப் பின்னோக்கித் தொடர்ந்தால் தானே புலனாகும். இத்தனை வழிகளிலும் ரகரத்தோடு வந்தது நம் மேடைத்தமிழ் ஒன்றே.

மலையாளத்தில் அந் நடுவிடம் வழுவாமலே இருக்கின்றது. விற்று, தோற்று, ஏற்று என்பன இன்றும் அங்கு வினைமுற்றுகளாக வழங்குகின்றன; இரட்டித்த றகரம் பல்மேட்டில் ஒட்டிய வல்லொலி. 'என்னுடைய' என்னும் பொருளுடைய அவர்தம் அன்றாடச் சொல்லில் னகரத்தை அடுத்துவரும் ஒலியும் அவ்விடத்து ஒட்டொலியே. ஒருகாலத்துத் தமிழின் மேலைக்கரைப் பேச்சாயிருந்து பிரிந்த மொழி, பிரியும்போது எடுத்துச்சென்ற பழம்பொருளை இழக்காமல் வைத்திருக்கின்றது. பாலக்காட்டுக் கணவாய் வழியே அக் காற்று நம் ஊருக்கு நாள்தோறும் வருகின்றது. நாம் அதனை வாடை என்றோம்.

நமக்கு வடமேற்கே நிற்கும் நீலமலையைப் பாருங்கள். அங்கு வாழும் கோத்தர், தோடர் ஆகிய சிறு மக்களினங்களின் மொழிகளில் தகரமும் டகரமும் வேறாக, இடையே பல்மேட்டு வல்லொலி தனியெழுத்தாகும் தகுதியோடு நிற்கின்றது. 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கி, அம் மலையில் அவர்களோடு பழகி ஆய்ந்த எமனோ என்னும் அறிஞர் இதனைச் செவ்வனே பதிந்துள்ளார். எழுத்தே இல்லாத மொழிகள் அவை. கோத்தர் சட்டி வனைந்தும், இரும்பு அடித்தும், தோடர் எருமை மேய்த்தும் வாழ்ந்தவர். தொல்காப்பியம் கண்டறியாத அம் மக்கள் நாவில் தொல்காப்பியர் கேட்ட ஒலி இருக்கின்றது. (கோத்தர், கோத்தியர் என்னும் பெயரொப்புமை வெறும் தற்செயல். அதனைக் கொண்டு யாரேனும் ஒரு கட்டுரை எழுதி இவ் இதழுக்கு விடுத்தால் திருப்பி அனுப்பப்படும்.)

நொய்யற்கரைக் கொடுமணலில் 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் தொடங்கிய அகழ்வாய்விலும், பின்னர் நடந்தவற்றிலும் கிடைத்த பானையோடுகளில் ஆதன் முதலிய பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றின் ஈற்றில் னகரம் தனியெழுத்தாக நிற்கின்றது. வடபுலத்து எழுத்து வரிசையில் னகரமும் றகரமும் இல்லை. இல்லாதவற்றை நம்மவர் தாமே ஆக்கிக்கொண்டனர். பல்லில் ஒட்டும் நகரத்துக்கும் பல்மேட்டில் ஒட்டும் னகரத்துக்கும் வேறுபாடு செவிக்குப் புலனானதால் அன்றோ அவ்வாறு செய்தனர்? இற்றைநாள் மாணவன், "ஐயா, இந்தச் சொல்லுக்குச் சின்ன 'ந'வா, பெரிய 'ன'வா?" என்று கேட்கின்றான். எழுத்தின் உருவளவு மட்டும் அவனுக்கு எஞ்சியிருக்கின்றது.

ஐயுறவான பகுதியையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆறு, இறை, முறை என இரு உயிர்களுக்கிடையே தனித்து வரும் றகரம் தொல்காப்பியர் காலத்தில் முழு ஒட்டொலியாக இருந்ததா, அன்றே நடுங்கத் தொடங்கிவிட்டதா என்பதில் அறிஞர் ஒருமைப்படவில்லை. தமிழில் வல்லெழுத்து தனித்து நடுவில் வரும்போது நெகிழ்வது இயல்பு. அகம் என்பதன் ககரமும், இடம் என்பதன் டகரமும் முதல்நிலை வன்மையோடு இல்லை. றகரமும் அங்ஙனம் நெகிழ்ந்து நடுக்கொலி ஆகியிருக்கலாம். யாழ்ப்பாணத்தாரின் பற்றறியும் அதனையே காட்டும். ஆதலால் 'ஆறு' என்பதை இன்றுபோல் ஒலிப்பதை யாம் குறைகூறவில்லை. கிரேக்கர் ஏடுகள் கொற்கையைக் கொல்கை என்றாற்போலக் குறித்திருப்பதை இங்குச் சான்றாகக் காட்டுவாரும் உளர். வந்துபோகும் வணிகன் செவியை அவ்வளவு நம்ப வேண்டா என்பது எம் எண்ணம். திருவல்லிக்கேணியை ஆங்கிலேயன் என்ன பாடுபடுத்தினான் என்பதை அறிவோம்.

தமிழின் ஒலி தோன்றிய நாள்தொட்டு அணுவும் மாறவில்லை என்று மேடையில் முழங்குவார் நம் அணியிலேயே உளர். அவர்கள்மேல் எமக்கு அன்பு உண்டு. அச் சொல்லில் உண்மை இல்லை. மாறியிருக்கின்றது. எங்கே, எவ்வளவு மாறிற்று என்று காட்டினால்தான் மீட்க முடியும். மாறவேயில்லை என்று சொல்பவர், இழந்ததைத் தேடவும் மாட்டார். வைத்திருப்பவளைக் கண்டால் நகைக்கவும் செய்வார். பிறமொழிச் சொல்லைக் களைவதில் நாம் காட்டும் முனைப்பில் காற்பங்கை நம் எழுத்தின் ஒலியை மீட்பதில் காட்டவில்லை என்பது எம் நெடுநாட் குறை. 'மகிழ்ச்சி' என்று எழுதிவிட்டு 'மகில்ச்சி' என்று ஒலித்தால் தூய்மை எங்கே இருக்கின்றது? ழகரத்துக்காவது அவ்வப்போது குரல் எழுகின்றது. றகரத்துக்குக் குரல் கொடுப்பார் இல்லை. ஏனெனில் பிழையாக ஒலிப்பவர் படித்தவர்.

ஒலிப்பை எங்ஙனம் பழகுவது என்று ஆசிரியத் தோழர்கள் கேட்பர். அரிதன்று. 'முத்து' என்று சொல்லுங்கள். நாநுனி மேற்பல்லின் பின்னே இருக்கும். 'முட்டு' என்று சொல்லுங்கள். நா மேலே வளைந்து அண்ணத்தைத் தொடும். இரண்டிற்கும் இடையே, பல் முடிந்து தசைமேடு தொடங்கும் இடத்தில், நாநுனியை வளைக்காமல் நேராக ஒட்டி, அங்கேயே இரட்டித்து விடுங்கள். 'முற்று' வரும். விடும்போது நாவை நடுங்க விடாதீர். முத்து, முற்று, முட்டு. கத்து, கற்று, கட்டு. குத்து, குற்று, குட்டு என மும்மூன்றாக அடுக்கிச் சொல்லச் செய்தால், பத்து நிமையத்தில் வகுப்பு முழுவதும் பிடித்துக்கொள்கின்றது. எம் வகுப்பில் செய்து பார்த்துச் சொல்கின்றோம். இவ் வேறுபாடு செவியில் ஏறிவிட்ட பிள்ளைகள் ற்ற, த்த, ட்ட மயங்கி எழுதும் பிழையும் குறைந்ததைக் கண்டோம். ன்ற என்பதற்கு 'கொண்டு' என்று சொல்லி, நாவைச் சற்று முன்னே நகர்த்திக் 'கொன்று' என்று சொல்லப் பழக்குக.

இப் பயிற்சியில் மலையாள வீட்டுப் பிள்ளை ஒன்று வகுப்பில் இருந்தால் அதனையே முன்னே நிறுத்திச் சொல்லச் செய்யுங்கள். இன்று திருப்பூர் வகுப்பறைகளில் தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் பேசும் பிள்ளைகளோடு, பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர் பிள்ளைகளும் அமர்ந்திருக்கின்றனர். அவர்கள் தமிழ் கற்கும்போது பிழை நேரும். திருத்துவது நம் கடமை. ஆயினும் சிரிப்பதற்கு முன்னர், பிழை எந்தப் பக்கத்தில் உள்ளது என்று ஒருமுறை நூலைப் புரட்டிப் பாருங்கள். யான் புரட்டவில்லை.

அப் பெண்ணின் குடும்பம் தொழில் மந்தமான ஓராண்டில் ஊர் திரும்பிவிட்டது என்றனர். எங்குள்ளாள் என்று அறிய இயலவில்லை. பேச்சுப்போட்டி, ஒப்புவித்தற் போட்டி நடத்தும் பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள் எழுதி அனுப்பியுள்ளேன். நடுவர் தாளில் 'ஒலிப்பு' என்னும் கட்டத்தின் கீழே, இரட்டித்த றகரத்தையும் னகரத்தை அடுத்த றகரத்தையும் நடுக்கமின்றி வல்லொலியாக ஒலிக்கும் மாணவர்க்கு மதிப்பெண் குறைக்கலாகாது என்று ஒரு வரி அச்சிட வேண்டும் என்பதே அது. இதுவரை இசைந்து எழுதிய பள்ளி ஒன்று.